மெதுவானவன் நடை

அய்யம்பெருமாளுக்கு வாய் திக்க ஆரம்பித்து ஒரு வாரமாகிவிட்டது.

வாய் என்றால் முகத்தில் இருக்கும் வாய் இல்லை. அது நாலு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருபக்கம் கோணி, கஞ்சி இறங்கவும் எச்சில் வடியவும் மட்டும் உதவுகிற பொத்தலாகிப் போனது. கட்டில் தலைமாட்டில் ஸ்டூல் மேல் இருந்த வீட்டுக் கணினிதான் அவருக்கு வாய். தொண்டையில் ஒட்டிய பட்டை, உள்ளே தசை துடிப்பதைப் பிடித்து அதற்கு அனுப்பும். அந்தக் கணினிப் பெட்டி அதைச் சொல்லாக்கி, பழைய போன் பதிவுகளில் இருந்து எடுத்த அவருடைய குரலிலேயே பேசும். அவர் பெண்டாட்டி பேச்சித்தாய் உப்பு பாக்கெட் கம்பெனியில் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பேச்சிம்மா, வந்துட்டியா? சாப்பிட்டியா?" என்று கேட்கும்.

இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியதில் ஒரு நாளாவது அவர் அப்படிக் கேட்டதில்லை. கேட்கிற ஆளும் இல்லை. சம்பளத்தைக் கையில் கொடுப்பார், சண்டை வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், அவ்வளவுதான். தலையில் அடிபட்டுப் படுத்த பிறகு மனுஷன் கனிந்துவிட்டார் என்று தருவைகுளம் ஊரே பேசியது. "உனக்கென்னட்டி, உம் புருஷன் படுத்துக்கிட்டுக் கொஞ்சுதான். எனக்கு வாய்ச்சவன் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு ஏசுதான்" என்று பக்கத்து வீட்டு முத்தரசி வயிற்றெரிச்சலோடு சிரிப்பாள். பேச்சித்தாய்க்கும் அந்தக் கொஞ்சல் பிடித்திருந்தது. நாள் முழுக்க உப்பில் வெந்த கையைக் கழுவும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் தன்னை விசாரிக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இப்போது அந்தக் குரல் "பேச்சிம்மா, நீ" என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. நேற்று மத்தியானம் முழுக்க ஒன்றுமே பேசவில்லை.

பேச்சித்தாய் மெர்சலினைக் கூப்பிட்டாள். தூத்துக்குடியில் கடை வைத்து வீட்டுக் கணினி பழுது பார்க்கிறவள்; முதன்முதலில் இந்தப் பெட்டியை இங்கே கொண்டுவந்து பொருத்தியதும் அவள்தான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து, "அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?" என்றாள். பெட்டி, "இருக்கேம்மா, உங்க புண்ணியத்துல" என்று சொல்லிவிட்டு உறைந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்த மெர்சலின் உதட்டைப் பிதுக்கினாள்.

"மெமரி நெறஞ்சு போச்சுக்கா. புது சாப்ட்வேர் வேற வந்து ஏறிக்கிட்டு நிக்கி. இடம் இல்லாம மூச்சு முட்டுது இதுக்கு."

"அப்பம் இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடேன்."

"போடலாம். அவியளையும் புதுசாப் பேசப் பழக்கணுமே, அத யாரு செய்வா?" மெர்சலின் பெட்டிக்குள்ளிருந்து விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகட்டை உருவிக் காட்டினாள். "இதான் ரேம். எங்க அப்பா காலத்து ரேமெல்லாம் கரண்டு போனா எல்லாத்தையும் மறந்துரும். இப்ப வாறது மறக்காது. பழகுனது மொத்தமும் இதுக்குள்ளதான் கெடக்கும். அண்ணாச்சி தொண்டை எப்பிடித் துடிச்சா என்ன அர்த்தம்னு நாலு வருசமாப் படிச்சு வச்சிருக்கு. இத எடுத்தா அண்ணாச்சி ஊமை."

"எடுக்காதட்டி."

"எடுக்க மாட்டேன். பக்கத்துல இன்னொண்ணு போடணும். இதே கம்பெனி, இதே வேகம், ஜோடியாப் போட்டாத்தான் நல்லது. ஆனா அந்தக் கம்பெனி மூடிட்டுப் போயிட்டான். எங்கிட்ட வேற கம்பெனி சரக்கு ஒண்ணுதான் இருக்கு. பழசு, மெதுவாத்தான் ஓடும். கலந்து போட்டா ஓடும், சண்டை போடாது. ஆனா ஒண்ணு, ரெண்டும் ஒண்ணா ஓடணும்ல? அதனால வேகமானதும் மெதுவானது அளவுக்கு எறங்கிரும்."

இதைப் புரிந்துகொள்ள பேச்சித்தாய்க்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ரெண்டு பேரு கழி பிடிச்சா மெதுவானவன் நடைதான நடக்கணும். இதுல என்ன இருக்கு."

அவளுக்கு இது தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். அய்யம்பெருமாள் கழி தூக்கியே உடம்பு வளர்த்தவர். உப்பளங்களுக்கு நடுவில் சூரிய மின்சாரத்தைச் சேர்த்து வைக்க ஆள் உயரத்துக்கு மின்கலப் பெட்டிகளை இறக்கிய காலம் அது. சகதியில் வண்டி இறங்காது. ட்ரோன் தூக்குகிற எடையும் இல்லை. எல்லாம் செய்ய எந்திரம் வந்துவிட்டது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷத்தில், அந்தப் பெட்டிகள் மனுஷன் தோளில்தான் போயின. கழியின் இரண்டு முனையிலும் இரண்டு பேர், நடுவில் கயிற்றில் தொங்கும் பெட்டி. முன்கழிக்காரனுக்கு வரப்பு தெரியும். பின்கழிக்காரனுக்குப் பெட்டி மட்டும்தான் தெரியும். அவன் உயிர் முன்னவன் கால் வைக்கிற இடத்தில் இருக்கிறது. அதனால் தூக்குவதற்கு முன்னால் பின்கழிக்காரன் கேட்பான்: "தோள் நிக்குதா?" முன்னவன் "நிக்குது" என்று சொல்லவேண்டும். சொல்லாதவரை இவன் அசைய மாட்டான். மேஸ்திரி கத்தினாலும் சரி, மழை வந்தாலும் சரி, உடம்பைக் கட்டையாக இறுக்கிக்கொண்டு நிற்பான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறினவனுடன் மறுநாள் யாரும் கழி பிடிக்க மாட்டார்கள்.

அய்யம்பெருமாள் ஆயுசு முழுக்கப் பின்கழி. அடிபட்ட அன்றைக்கு முன்கழிக்கு வந்தது ஒடிசாவில் இருந்து புதிதாக வந்த ஆள். கேட்டது அவனுக்குப் புரியவில்லை, முழித்தான். லாரி காத்திருக்கிறது, தூக்குங்கலே என்று மேஸ்திரி நின்று குதித்தான். பதில் வராமலே அய்யம்பெருமாள் தூக்கினார். நாலு எட்டு போவதற்குள் முன்னவன் முழங்கால் மடங்கியது. கழி சுழன்று வந்து தலையில் அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டாளிகள் பேச்சித்தாயிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இதைத்தான்: "மதினி, பதிலு வாங்காம அண்ணன் தூக்கிட்டாரு."

மெர்சலின் புதுத் தகட்டைப் பழையதின் பக்கத்தில் அழுத்திப் பொருத்தினாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"ஒரு விசயம்க்கா. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிப் பழகுறதுக்கு ஒரு நாளு ஆவும். பழகிருச்சுன்னா பெறகு பிரிக்கக் கூடாது, பிரிச்சா ரெண்டும் கெட்டுப் போவும். சரியில்லன்னு தோணுனா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீரு எங்கிட்டச் சொல்லிரும்."

பெட்டி விழித்துக்கொண்டது. முகப்பில் பச்சை விளக்கு மினுக்கியது. அது மினுக்கினால் கட்டிலில் கிடப்பவர் பேச முயல்கிறார் என்று அர்த்தம். இதற்கு முன் அந்த விளக்கை யாரும் கவனித்ததே இல்லை. மினுக்குவதற்குள் பேச்சு வந்துவிடும். இப்போது மினுக்கியது, மினுக்கியது, மினுக்கிக்கொண்டே இருந்தது. மெர்சலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பேச்சித்தாய் பொறுமை இழந்து, "கெட்டுப் போச்சா?" என்றாள்.

"ஃபேன," என்றது பெட்டி. இருவரும் திரும்பினார்கள். தொண்டை மறுபடி துடித்தது. "நிறுத்து."

மெர்சலின் எட்டி ஃபேனை நிறுத்தினாள். அய்யம்பெருமாளின் நெற்றிச் சுருக்கம் ஒன்று மெல்ல அவிழ்ந்தது. நாலு வருஷமாக அந்த ஃபேன் ராவும் பகலும் அவர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. காற்று போதுமா என்று பேச்சித்தாய் கேட்கும்போதெல்லாம், "ஜில்லுனு இருக்கும்மா" என்று பெட்டி சொல்லிவந்தது.

மெர்சலின் போய்விட்டாள். பேச்சித்தாய் கஞ்சி ஊட்டினாள். விளக்கு மினுக்கியது. பாதிக் கிண்ணம் இறங்கிய பிறகு பெட்டி சொன்னது: "உப்பு இல்ல. சவம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

சவம் என்கிற வசவு அவருடையதேதான். வேறு எவனும் அந்த வார்த்தையை அப்படி மூக்கால் இழுத்துச் சொல்ல மாட்டான். நாலு வருஷமாக அந்தச் சொல் இந்த வீட்டில் கேட்கவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில், கிணற்றில் கல் போட்டால் வெகுநேரம் கழித்து வரும் சத்தம் மாதிரி, பழைய மனுஷனே வந்து நிற்கிற மாதிரி வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அவள் பயந்துபோனாள்.

"இங்கேரும். உப்பு இல்லன்னு முந்தியே சொல்லியிருக்கலாம்ல? எத்தன தடவ கேட்டிருப்பேன், நல்லாருக்கு நல்லாருக்குன்னீரே."

விளக்கு மினுக்க ஆரம்பித்தது. வெளியே உப்பு லாரி ஒன்று கடந்து போனது. முத்தரசி யாரையோ ஏசினாள். விளக்கு நிற்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது.

"நான்," என்றது பெட்டி. பிறகு, "சொல்லல."

பேச்சித்தாய் வாசலுக்கு ஓடிப்போய் மெர்சலினுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, நான் சொல்றதப் பதறாமக் கேளும். இந்தப் பெட்டி முந்திக்கிட்டுப் பேசும். அவிய ஒரு வார்த்தைய ஆரம்பிச்ச ஒடனே, இவரு இதத்தான் சொல்ல வாறாருன்னு யூகம் பண்ணி முடிச்சிரும். கேக்கறவங்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல, அதுக்காக. யூகம்னா, இது மாதிரிப் படுத்துக் கெடக்கறவிய வீட்டுல எல்லாம் எப்பிடிப் பேசுவாங்களோ அந்தப் பேச்சு. இப்ப மெதுவான ரேமைச் சேத்ததால யூகம் வாறதுக்கு நேரமாவுது. அதுக்குள்ள அண்ணாச்சியே சொல்லி முடிச்சிருதாவ."

"அப்பம் முந்திப் பேசுனது யாரு?"

"கொஞ்சம் அவிய. நெறைய அது."

"எவ்வளவு நெறைய?"

"அது தெரியாதுக்கா. யாராலயும் சொல்ல முடியாது."

"அவிய இல்லன்னு சொல்லியிருப்பாவள்ல? நான் இதச் சொல்லலன்னு ஒரு தடவையாவது சொல்லியிருப்பாவள்ல?"

"இல்லன்னு ஆரம்பிச்சிருப்பாவ. 'இல்லம்மா, எனக்கு ஒரு குறையும் இல்ல'ன்னு அது முடிச்சிருக்கும்."

பேச்சித்தாய் சுவரில் சாய்ந்தாள். விபத்து விசாரணைக்கு வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றபோது, "யாரு மேலயும் எனக்கு வருத்தமில்ல" என்று சொன்னது எது? மகள் இசக்கி, ஒரு திருப்பூர்ப் பையனைக் கட்டுவேன் என்று நின்றாள். அடிபடுவதற்கு முன்பு அவன் பேரைச் சொன்னாலே தட்டை வீசுகிற மனுஷன், "பிள்ள சந்தோசம்தாம்மா என் சந்தோசம்" என்று சொன்னதும் தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்களே, அப்போது அந்தக் கட்டிலில் கிடந்தவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? முகத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பெட்டி பேச ஆரம்பித்த நாளில் இருந்து அவர் முகத்தை யார் பார்த்தார்கள்? அவளும்தான் பெட்டியைப் பார்த்தே பேசினாள்.

"அக்கா? லைன்ல இருக்கியளா?"

"அந்த ஆளு வேணும்ட்டி எனக்கு," என்றாள் பேச்சித்தாய். தன் வாயில் இருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "சாப்பிட்டியான்னு கேக்குமே, அது. பொய்யா இருந்துட்டுப் போவட்டும். நாளெல்லாம் உப்புல நின்னுட்டு வாறேன். வந்தா சவம்னு ஏச்சு வாங்கணுமா நான்?"

மெர்சலின் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "திருநவேலியில ஒருத்தன்கிட்ட அதே கம்பெனி ரேம் கெடக்குன்னு கேள்வி. நாளைக்குப் போயி வாங்கிட்டு வாறேன். ஜோடியாப் போட்டா பழைய வேகம் வந்துரும். பழைய பேச்சும் வந்துரும். வேணுமா வேண்டாமான்னு நீரு சொல்லும்."

அன்று சாயங்காலம் யாரும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

காலையில் அவரைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றுவதுதான் பெரிய பாடு. ஒல்லியாகிப் போனாலும் எலும்பு கனம். அதைவிடக் கனம் அவருடைய விறைப்பு. அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனால் உடம்பு இரும்பாகிவிடும். நரம்பு இறுக்கம் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். எண்ணெய் தேய்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. பெட்டி, "மெதுவாம்மா, வலிக்குது" என்னும். வலிக்கிறதே என்று அவள் பதறிக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரே வெட்டாக இழுத்துத் தூக்குவாள். அப்படி இழுத்து இழுத்தே அவளுடைய வலது தோள் போனது. தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியாமல் ஒரு வருஷமாகிறது.

இன்றைக்கும் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்தாள். கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் கோத்தாள். அவர் தாடை அவள் தோளில் பதிந்தது. உடனே விறைத்தார்.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு மட்டும் மினுக்கியது.

வலிக்குது என்று யாரும் சொல்லாததால் அவளுக்குப் பதற்றமும் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், குனிந்த வாக்கில் அப்படியே நின்றாள். இடுப்பு கடுத்தது. அவர் மூச்சு அவள் காதோரம் சூடாகப் பட்டது. தொண்டை துடிப்பது அவள் கழுத்திலேயே தெரிந்தது. என்னவோ சொல்கிறார், சொல்லட்டும் என்று நின்றாள்.

"தோள்," என்றது பெட்டி.

தோள் வலிக்கிறதோ என்று நினைத்தாள். கையை எடுக்கப் போனாள். விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. எடுக்காமல் இருந்தாள்.

"நிக்குதா?"

அவள் கோத்த கைகளை விடவில்லை.

இப்போதுதான் கேட்கிறாரா? இல்லை. விறைப்பு இன்றைக்கு வந்ததில்லை. முதல் நாள் தூக்கியதில் இருந்தே இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அவள் குனியும்போது இந்த மனுஷன் கேட்டிருக்கிறார். வேறு ஏதோ ஒன்று முந்திக்கொண்டு வேறு எதையோ சொல்லியிருக்கிறது. பதில் வரவில்லை. பதில் வாங்காமல் ஒரு தடவை தூக்கியதற்குத்தான் இந்தக் கட்டில். அதனால் முன்கழியில் நிற்கிறவளுக்காக, அவள் விழுந்துவிடக் கூடாதே என்று, செத்துப்போன உடம்பில் மிச்சமிருந்த பலம் அத்தனையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் விறைக்க விறைக்க அவள் இழுத்திருக்கிறாள். நாலு வருஷம். தினமும்.

பனிக்காலக் காலையில் உப்பளத்தின் நடுவில் நின்றால், வானம் கீழேயும் இருப்பது போல நான்கு பக்கமும் வெள்ளையாகிவிடும். எந்தப் பக்கம் கரை என்று தெரியாது. மூச்சு விடவே தயக்கமாக இருக்கும். பேச்சித்தாய் அப்படி நின்றாள். இவ்வளவு பெரிதாக ஒன்று இந்தச் சின்ன வீட்டுக்குள் இத்தனை நாள் இருந்திருக்கிறது, அதைச் சுற்றித்தான் அவள் பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் கழி பிடித்தவள் இல்லை. ஆனால் மதியச் சோறு கொண்டுபோகும்போது அந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள்.

"நிக்குது," என்றாள்.

அவர் உடம்பு அவிழ்ந்தது. விரல், முழங்கை, முதுகு என்று ஒவ்வொன்றாக. எடை குறையவில்லை, எடை அவள் பக்கம் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் தூக்குகிற மாதிரி இருந்தது. இழுக்காமல், மூச்சுப் பிடிக்காமல் எழுந்து நின்றாள். தோள் வலிக்கவில்லை.

தூக்கிய பிறகு அடுத்த வார்த்தை வராமல் கழிக்காரர்கள் நகர மாட்டார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. காத்திருந்தாள். அவர் பாரம் முழுக்க அவள் மேல் இருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை.

"நட," என்றது பெட்டி.

நாற்காலிக்கு நடந்தாள்.

"எறக்கு."

இறக்கினாள்.

அவள் அன்றைக்குக் கம்பெனிக்குப் போகவில்லை. கஞ்சியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். போட்டது கூடிப்போனது என்று தெரிந்தது. அவர் அதற்கும் ஏசினார். அந்த ஏச்சு வந்து முடிவதற்குள் அவள் ஒரு பானை தேய்த்துவிட்டாள். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு அடுத்த பானை பாக்கியிருந்தது.

மெர்சலின் சாயங்காலம் வந்தபோது, கட்டில் பக்கம் இருந்த பெட்டி மூலைக்கு நகர்த்தப்பட்டிருந்தது. பேச்சித்தாய் நாற்காலியில் இருந்தவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"கெடச்சிருச்சுக்கா," என்று மெர்சலின் பையில் இருந்து தகட்டை எடுத்தாள். "அதே கம்பெனி, அதே வேகம். மாட்டிரவா?"

"பைக்குள்ளயே வையி அத."

"வேண்டாமா?"

"வேண்டாம். திருநவேலி வரைக்கும் ஒன்ன அலைய விட்டுட்டேன். அடுப்புல காப்பி இருக்கு, எடுத்துக் குடி."

மெர்சலின் காப்பிக்கு நகரவில்லை. "இனி அது சாப்பிட்டியான்னு கேக்காதுக்கா."

"கேக்காது," என்றாள் பேச்சித்தாய். "சத்தம் போடாத. அவியகிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன்."

"என்ன கேட்டிய?"

"இசக்கி கல்யாணத்துக்கு உமக்குச் சம்மதந்தானான்னு."

மெர்சலின் தகட்டைப் பைக்குள் போட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு அவளும் மொய் எழுதிவிட்டு வந்தவள். இசக்கிக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறது. ஓசைப்படாமல் வந்து பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்காலியில் இருந்தவர் முகத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கு நிற்கவே இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?"

"தெரியல," என்றாள் பேச்சித்தாய், அவர் முகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல். "ஆரம்பிச்சிருக்காவ."